நன்மை செய்யும் பாக்டீரியா தெளித்தும் கொட்டகையில் அமோனியா நெடி குறையவில்லை. எங்கே தவறினேன்?

கொடுவாய்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

திருப்பூர் மாவட்டம், கொடுவாய்ப் பக்கம் எங்கள் தோட்டம். மாமனார் கட்டிய கொட்டகை. 4,800 சதுர அடி, கிழக்கு மேற்கு நீளம், சிமென்ட் அட்டைக் கூரை. கம்பெனி ஒப்பந்தத்தில் 4,000 கறிக்கோழி வளர்க்கிறோம். மாமனாருக்கு முழங்கால் ஓய்ந்துபோன பிறகு இரண்டு வருடமாகக் கொட்டகை என் கையில் இருக்கிறது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார். தரையில் தென்னை நார்த்தூள்தான் போடுகிறோம். உமி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஐப்பசியில் விட்ட பேட்ச் என்னை அழவைத்துவிட்டது. தீபாவளிக்கு மகள் விடுதியிலிருந்து வந்தாள். கொட்டகை வாசலில் நின்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, “இதற்குள் எப்படியம்மா நிற்கிறாய், கண்ணே திறக்க முடியவில்லையே” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் உள்ளேயே இருந்து என் மூக்கு செத்துவிட்டது என்று அன்றுதான் புரிந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நின்றால் கோழிகள் ‘கர் கர்’ என்று இழுப்பது கேட்டது.

தீவனக் கடையில் ஒருவர் 5 லிட்டர் கேன் கொடுத்தார். 1,900 ரூபாய். நன்மை செய்யும் பாக்டீரியா, தெளித்தால் போதும், இனிக் கிளறவே வேண்டாம், மூன்று பேட்சுக்கு நார்த்தூளை மாற்றவும் வேண்டாம் என்றார். கிளற வேண்டாம் என்றதும் ஆசைப்பட்டுவிட்டேன். என் இடுப்பைக் கேட்டால்தான் தெரியும்.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். 22ஆம் நாள், தரை காயட்டும் என்று மாமனார் வழக்கப்படி இரண்டு மூட்டைச் சுண்ணாம்புத் தூள் தூவினேன். மறுநாள் அந்தக் கேனை வீட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் கலந்து, முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானில் எட்டு முறை நிரப்பி அடித்தேன். மழைச் சாரலுக்குப் பயந்து இரண்டு பக்கமும் படுதாவை முழுக்க இறக்கி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் நெடி இன்னும் கூடியது. கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறதே, அந்த நிப்பிள் லைனுக்குக் கீழே தரை அடை மாதிரி கட்டிப்போனது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்து, ஐந்து நாளுக்குத் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். முடிவில் 287 கோழி இழப்பு. பிடித்த கோழிகளில் பாதிக்குப் பாதத்தில் கறுப்புப் புண். கூலியில் பிடித்தம்.

இப்போது கொட்டகை காலியாக இருக்கிறது. அடுத்த குஞ்சு வர 12 நாள் உண்டு. பாக்டீரியா என்பதே ஏமாற்று வேலையா, அல்லது நான் செய்ததில் கோளாறா? என் அத்தை மகள் நாட்டுக்கோழிக்கு இதைத்தான் தெளிக்கிறாள். அவள் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருக்கிறது. அவளிடம் கேட்டால், “எனக்கு வேலை செய்கிறது, உனக்கு ஏன் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்” என்கிறாள்.


தாராபுரம் நாட்டுக்கோழி எழுதியது:

அம்மிணி, முதலில் ஒன்று. சுண்ணாம்பும் பாக்டீரியாவும் ஒரே வாரத்தில் போட்ட ஆள் நீங்கள் மட்டும் இல்லை. நானும் போட்டிருக்கிறேன். இட்லி மாவில் சுண்ணாம்பைக் கலந்துவிட்டு, விடிந்ததும் பாத்திரத்தைத் திறந்து “ஏன் பொங்கவில்லை” என்று கேட்கிற கதைதான். இந்தக் கேன்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். தயிரையும் மாவையும் புளிக்கவைக்கும் கூட்டத்தின் பங்காளிகள். அவை புளிக்கவைத்துப் பிழைப்பவை. சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிப்பது.

அடுத்தது குழாய்த் தண்ணீர். குளோரின் எதற்குப் போடுகிறார்கள்? கிருமியைக் கொல்ல. கேனில் இருந்ததும் கிருமிதானே, அதற்கு நல்லது கெட்டது தெரியுமா? கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை அகலமான தொட்டியில் பிடித்து ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்து வையுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்திருந்தாலும் உங்கள் கொட்டகையில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 கறிக்கோழி, ஒரு மாத வயது. ஒரு நாளைக்கு ஐநூறு கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும். தின்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். ஆயிரம் லிட்டர்! அதில் பெரும் பங்கு எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்குள்ளேயே திரும்ப வருகிறது. படுதாவை முழுக்க இறக்கிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? நார்த்தூள் குடிக்கும். ஈரத்தைக் குடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை, தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கும். குடித்ததைச் சீக்கிரம் விடாது. அதன்மேல் நீங்கள் இன்னும் 128 லிட்டரைத் தெளித்திருக்கிறீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். 2013 வாக்கில் 300 நாட்டுக்கோழியோடு தொடங்கினேன். யாரோ சொன்னார்கள் என்று இ.எம். வாங்கிவந்தேன். ஜப்பானில், ஒகினாவாவில், தெருவோ ஹிகா என்ற பேராசிரியர் கொண்டுவந்த கலவை. நம் ஊரில் திறன்மிகு நுண்ணுயிர் என்பார்கள். ஒரு லிட்டர் மூலக் கரைசல், ஒரு கிலோ வெல்லம், 20 லிட்டர் தண்ணீர், கேனில் ஊற்றி மூடி, ஒரு வாரம் பத்து நாள் வைக்க வேண்டும். தினமும் ஒருமுறை மூடியைத் திருகிக் காற்றை விட வேண்டும். நான் இறுக்கி மூடிவிட்டு, மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நான்காம் நாள் ஸ்டோர் ரூமில் கேன் வெடித்து, சுவரெல்லாம் வெல்லப் பாகு, எறும்பு ஊர்வலம். என் மனைவி இன்றுவரை அந்த அறையை ‘பாக்டீரியா ரூம்’ என்றுதான் சொல்வாள்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். வெளுத்த வெல்லம் வேண்டாம், கறுத்த நாட்டு வெல்லம் அல்லது கவுந்தப்பாடிச் சர்க்கரை. பத்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் புளித்த பழைய சோற்று நீரும் வெல்லமும் கலந்தது போல ஒரு வாசனை வர வேண்டும். அழுகிய வாடை வந்தால் யோசிக்காமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் கடையில் கிடைக்கும். 4க்குக் கீழே காட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன்.

தெளிக்கும் விதம்: பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் போகாது. பனி விழுந்தது போல இருக்க வேண்டும், மழை பெய்தது போல இருக்கக் கூடாது. மாலை நேரம், கிளறிவிட்ட பிறகு. ஆமாம், கிளற வேண்டும். கிளற வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அவன் கோழி வளர்க்கவில்லை, கேன் வளர்க்கிறான்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசிறுவீர்கள் அல்லவா? ஒரு கைப்பிடி நார்த்தூளை எடுத்து இறுகப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் அதிகம். நின்று, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் அதுதான் எல்லை. பிடிக்கவே பிடிக்காமல் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, தூசி கிளம்பும். அந்த நாளில்தான் கரைசல் தெளிக்க நல்ல நேரம்.

உங்கள் அத்தை மகளுக்கு எத்தனை கோழி? இருநூறா? பகலில் வெளியே மேய்கிறதா? அப்படியென்றால் அவள் கொட்டகையில் விழுவது ராத்திரி எச்சம் மட்டும்தான். பாக்டீரியாவே தெளிக்காவிட்டாலும் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.


ராசிபுரம் ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

நான் கால்நடை ஆய்வாளராக 31 ஆண்டு வேலை பார்த்தவன். தாராபுரத்துக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எல்லோரும் ‘நல்ல பாக்டீரியா வந்து அமோனியாவைத் தின்றுவிடும்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அமோனியாவை உண்டாக்குவதே பாக்டீரியாதான்.

கோழிக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். தரையில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து யூரியாவாகவும் அமோனியாவாகவும் ஆக்குகின்றன. ஈரமும் சூடும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அப்படிப் பிறந்த அமோனியா வாயுவாக எழும்புமா, உப்பாக அடங்கிக் கிடக்குமா என்பதைத் தரையின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. பி.எச். 7க்குக் கீழே இருந்தால் பெரும்பகுதி அம்மோனியம் உப்பாகக் கூளத்திலேயே, அதாவது தரையில் பரப்பிய நார்த்தூளிலேயே தங்கும், பிறகு உங்கள் வயலுக்குத் தழைச்சத்தாகப் போகும். 8ஐத் தாண்டினால் வாயுவாகக் கிளம்பும். சுண்ணாம்பைத் தூவிய இரண்டு நாளில் நெடி ஏன் கூடியது என்று இப்போது புரிகிறதா, அம்மா? தேங்கியிருந்ததை எல்லாம் நீங்களே எழுப்பிவிட்டீர்கள். சுண்ணாம்புக்கு இடம் உண்டு. கொட்டகையைக் காலி செய்து, கூளத்தை அள்ளி, தரையைக் கழுவிய பிறகு சுவரிலும் தரையிலும் அடியுங்கள். கோழி உள்ளே நிற்கும்போது ஈரக் கூளத்தின்மேல் தூவாதீர்கள். கூளத்தைக் காரமில்லாமல் வைக்க வேண்டும் என்றால் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவலாம். அமெரிக்காவில் படிகாரம் போடுகிறார்கள். இரண்டும் அமிலப் பக்கம் இழுப்பவை.

லாக்டிக் பாக்டீரியா செய்வதும் அந்த வேலைதான். அமிலம் சுரந்து, யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் கூட்டத்துக்கு வேகத்தைக் குறைக்கிறது. இடத்தையும் உணவையும் பங்குபோட்டுக்கொள்கிறது. ஆகவே இது பற்றிக்கொண்ட தீயை அணைப்பதற்கானது இல்லை. 22ஆம் நாள் தரையில் வேறு கூட்டம் குடியேறி, குடும்பம் பெருகி, பட்டா வாங்கிவிட்டது. குஞ்சு வருவதற்கு மூன்று நாள் முன்பு, புதுக் கூளத்தில் தெளித்தால்தான் உங்கள் பாக்டீரியாவுக்கு இடம் கிடைக்கும்.

குஞ்சின் குடலிலும் இதே கதைதான். 1971இல் பின்லாந்தில் கறிக்கோழிகளிடையே சால்மோனெல்லா பரவியது. நூர்மி, ரன்டாலா என்ற இருவர், நோயில்லாத பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்துப் பொரித்த குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சு சால்மோனெல்லாவை எதிர்த்து நின்றது. 1973இல் அதை வெளியிட்டார்கள். தாய்க்கோழியின் எச்சத்தைக் கொத்தி வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அது இயற்கையாகவே கிடைக்கிறது. இன்குபேட்டரில் பொரித்து, கழுவின கொட்டகையில் விடும் கறிக்கோழிக் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. முதலில் எந்த பாக்டீரியா வாயில் போகிறதோ அதுதான் குடலில் குடியேறும்.

ஆன்டிபயாட்டிக்கும் பாக்டீரியாவும் ஒரே சமயத்தில் கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது. மருந்தின் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியே வந்து கூளத்திலும் வேலை செய்யும். தவிர, அந்த இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டதா என்பதே என் சந்தேகம். காற்றில் அமோனியா 25 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினாலே மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஓய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எந்தக் கிருமியும் உள்ளே போகலாம். படுதாவின் மேல்பக்கம் ஒன்றரை அடி திறந்து வைத்திருந்தால் பாதி இருமல் வந்திருக்காது. செத்த கோழியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் இதை விட்டுவிட்டு நேரே மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எல்லோரும் தீவனத்தில் போட்டுப் போட்டு, 2019இல் மத்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்குக் கூடாது என்று தடையே போட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. ரத்தக் கழிச்சலுக்கு இந்தக் கேனை நம்பி உட்காராதீர்கள். அது பாக்டீரியா இல்லை, காக்சிடியா என்ற ஒட்டுயிர். அதன் முட்டை ஈரமான கூளத்தில் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அடுத்த கோழிக்குத் தொற்றத் தயாராகிவிடும். சாதாரணக் கிருமிநாசினியே அதைத் தொடாது. கூளம் காய்ந்திருந்தால் அது முற்றுவது குறையும். அந்த அளவுக்குத்தான் உதவி. வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசி. அதற்கு மாற்று இல்லை.


பொங்கலூர் இளவட்டம் எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கேன் விற்றவர் சொன்னதில் ஒன்று மட்டும் முழுப் பொய் இல்லை. பழைய கூளத்தை மாற்றாமல் வளர்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் ஓஹையோ ஆராய்ச்சி நிலையத்தில் 1940களிலேயே பழைய கூளத்தில் வளர்த்துப் பார்த்து, குஞ்சு நன்றாக வந்ததைக் கண்டிருக்கிறார்கள். கூளத்துப் பாக்டீரியா வைட்டமின் பி12 தயாரிக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். நான் 6,000 கோழிக்குக் கோடையில் இரண்டு பேட்ச் ஒரே உமியில் ஓட்டியிருக்கிறேன். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாத் தூள்தான் போட்டேன். அது விதை மாதிரி உறைக்குள் தூங்கும் வகை. சூடு தாங்கும், அலமாரியில் மாதக்கணக்கில் கெடாது, வெல்லமும் வேண்டாம், கேன் வெடிப்பும் இல்லை. (தாராபுரம் ஐயா, மன்னிக்கவும்.)

அக்கா, தண்ணீரிலோ தீவனத்திலோ எதையாவது கலப்பதற்கு முன் ஒப்பந்தத் தாளைப் பாருங்கள். சில கம்பெனிகள் தாங்கள் தராத எதையும் கொடுக்கக் கூடாது என்று போட்டிருப்பார்கள். கூளத்தில் தெளிப்பதற்கு என் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை.


ராசிபுரம் ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, கோடையில் நீங்கள் ஓட்டியது பாக்டீரியாவினாலா, பங்குனி வெயிலினாலா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? ஒரு பாதிக்குத் தூள் போட்டு, மறு பாதிக்குப் போடாமல் விட்டீர்களா?

அமெரிக்காக்காரன் கூளத்தை மாற்றாமல் வளர்க்கிறான் என்றால், ஒரு பேட்ச் முடிந்ததும் கட்டிகளை இயந்திரத்தால் எடுத்துவிடுகிறான். சிலர் மிச்சத்தைக் கொட்டகைக்குள்ளேயே வரப்பு போலக் குவித்துச் சூடேற வைத்து, பிறகு பரப்புகிறார்கள். அடுத்த குஞ்சுக்கு முன் இரண்டு மூன்று வாரம் இடைவெளி. இந்த அம்மாவின் பழைய கூளம் நோய் கண்ட பேட்சின் கூளம். ஒரு கூடை கூட உள்ளே இருக்கக் கூடாது.


பொங்கலூர் இளவட்டம் எழுதியது:

பிரித்துப் பார்க்கவில்லை ஐயா. அடுத்த முறை நடுவில் வலை கட்டிப் பார்க்கிறேன்.


கொடுவாய்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கூளம் முழுக்க அள்ளி, வாழைக்குப் போட பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். தரையைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தாயிற்று. மாமனாரிடம் “இனிமேல் சுண்ணாம்பு சுவரில் மட்டும்தான் மாமா” என்றேன். அவர் வெற்றிலையைக் காட்டி, “இதிலும் கூடாதா” என்று கேட்டார்.

அடை கட்டிய இடம் ஏன் நிப்பிள் லைனுக்குக் கீழே மட்டும் என்று யோசித்தபடி நேற்று லைனில் தண்ணீர் திறந்துவிட்டு, கீழே செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று லைனில் ஒன்றில் மட்டும் எட்டு நிப்பிள் விடாமல் சொட்டியது. போன சித்திரையில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று வீட்டுக்காரர் தொட்டியை நான்கு அடி உயர்த்தி வைத்தார். இரண்டு லைனுக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. இந்தப் பழைய லைனுக்கு இல்லை. அழுத்தம் கூடி அதுதான் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு மாதமாக நானே தண்ணீர் விட்டு வளர்த்த நாற்றம்! ரெகுலேட்டர் வாங்கியாயிற்று. நிப்பிளின் உயரமும் தவறு. கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்க வேண்டுமாம். எங்களுடையது பக்கவாட்டில் கொத்தி, பாதியைக் கீழே சிந்தியிருக்கிறது.

ஒரு சந்தேகம். புது நார்த்தூள் நேற்று இறங்கியது. புட்டு மாவுச் சோதனை செய்தேன். வந்த லோடே கொழுக்கட்டையாக நிற்கிறது! திருப்பி அனுப்பவா?


தாராபுரம் நாட்டுக்கோழி எழுதியது:

திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை உங்கள் தலையில். களத்தில் பரப்பி மூன்று நாள் வெயில் காட்டுங்கள், தினமும் இரண்டு தடவை புரட்டிவிடுங்கள். மழைக்குறி தெரிந்தால் குவித்துத் தார்ப்பாய் போடுங்கள். காய்ந்ததும் சலித்து நீள நாரை எடுத்துவிடுங்கள், கிளறும்போது சுருண்டு கட்டியாவது அதனால்தான். கிடைத்தால் நாலில் ஒரு பங்கு கடலைத் தொலி கலந்துகொள்ளுங்கள், பொலபொலவென்று இருக்கும். ஆனால் பூசணம் பிடித்த தொலி வேண்டாம், அது குஞ்சின் நுரையீரலைக் கெடுக்கும்.

கரைசலை ஒரு வாரமாவது முன்னால் போட வேண்டும் என்பதால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். மூடியை இறுக்காதீர்கள்!


கொடுவாய்க்காரி எழுதியது:

ஐம்பது நாள் கழித்து வருகிறேன். நேற்றுத்தான் கோழி பிடித்தார்கள்.

செய்தது இவ்வளவுதான். குஞ்சு வர மூன்று நாள் இருக்கும்போது கிணற்றுத் தண்ணீரில் கரைசல் கலந்து காய்ந்த நார்த்தூளில் ஒரு தெளிப்பு. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை. மழை பெய்த மார்கழி வாரம் மட்டும் தெளிக்கவில்லை, தரையே ஈரமாக இருந்தது. படுதா மேலே ஒன்றரை அடி எப்போதும் திறப்பு. முதல் வாரம் மட்டும் குஞ்சுக்குக் குளிரும் என்று கைவிளக்கோடு போய்ப் போய்ப் பார்த்து ஏற்றி இறக்கினேன். இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் கிளறல். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டேன். அடை கட்டிய இடத்தை உடைத்துப் பரப்பாமல் கூடையில் அள்ளி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த தூள் போட்டேன்.

என் மூக்கை நம்பாமல், பால் எடுக்க வரும் அம்மாவைத் தினமும் கொட்டகை வாசலில் நிறுத்தி, கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவரே பால் வாங்குமுன் எட்டிப்பார்த்து, “இன்றைக்குப் பரவாயில்லை”, “இன்றைக்குக் கொஞ்சம் குத்துகிறது” என்று சொல்ல ஆரம்பித்தார். குத்துகிறது என்று அவர் சொன்ன நாலு நாளும் ஏதாவது ஒரு நிப்பிள் சொட்டியிருந்தது, இல்லையென்றால் படுதா இறங்கியிருந்தது.

இழப்பு 118. பாதப் புண் சிலதுக்கு மட்டும். ஆன்டிபயாட்டிக் ஒரு நாளும் கொடுக்கவில்லை. 26ஆம் நாள் ஐந்தாறு கோழிக்கு ரத்தக் கழிச்சல் தெரிந்தது. மூன்றை அறுத்துப் பார்க்கச் சொல்லி, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தண்ணீரில் கொடுத்தோம், நின்றது. ஆய்வாளர் ஐயா முன்கூட்டியே சொல்லாதிருந்தால் கேனைத்தான் இன்னும் இரண்டு மடங்கு தெளித்திருப்பேன்.

இதில் பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, எட்டு நிப்பிளின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கணக்கில் முக்கால்வாசி நிப்பிளுக்கும் படுதாவுக்கும்தான் போகும். ஆனால் கரைசல் தெளித்த மறுநாள் காலையில் கிளறும்போது கூளத்திலிருந்து மண்வாசனை போல ஒன்று வருகிறது. முன்பு வந்ததில்லை. அதற்காகவாவது அடுத்த பேட்சுக்கும் போடப்போகிறேன். பொங்கலூர்த் தம்பி வலை கட்டிப் பார்த்தால் முடிவை இங்கே எழுதுங்கள்.


பொங்கலூர் இளவட்டம் எழுதியது:

வலை கட்டினேன் அக்கா. ஒன்பதாம் நாள் கோழிகள் வலைக்கு அடியில் நுழைந்து ஒன்றாகிவிட்டன. தட்டி வைத்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.


ராசிபுரம் ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

தட்டியின் இரண்டு பக்கமும் தண்ணீர் லைன் ஒரே வகையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தம்பி.